குடல், இரைப்பை, கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகள்: ஆயுளைத் தீர்மானிப்பவை எவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செரிமான உறுப்புகளில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைப் பற்றி நோயாளிகளும் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெயர் நீளமாக இருப்பதால் இனி 'நெட்' என்றே எழுதுகிறேன். பயாப்சி ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது, ஏனென்றால் பாதிக் கேள்விகளுக்கான விடை அதில்தான் இருக்கிறது. இது பொதுவான விளக்கம். உங்கள் சிகிச்சையை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. ஒருத்தர் கேன்சர்னு சொல்றார், இன்னொருத்தர் வெறும் கட்டிதான் பயப்படாதீங்கன்னு சொல்றார். எதை நம்புறது?

நெட் புற்றுநோய் வகையைச் சேர்ந்ததுதான். இரைப்பையிலிருந்து மலக்குடல் வரைக்கும், கணையத்திலும், ஹார்மோன் சுரக்கும் செல்கள் ஆங்காங்கே இருக்கின்றன. அவற்றில் தொடங்கும் கட்டி இது. பல வருடம் அப்படியே கிடக்கும் நெட்டும் உண்டு, சில மாதத்தில் கல்லீரல் முழுக்கப் பரவுவதும் உண்டு. இந்த வித்தியாசம் மற்ற புற்றுநோய்களில் இவ்வளவு அதிகம் இல்லை.

1907-இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் என்ற நோய்க்கூறு மருத்துவர் சிறுகுடலில் இவற்றைத் தனியாக அடையாளம் கண்டு விவரித்தபோது, தீங்கற்றவை என்றே நினைத்தார். 1929-இல் இவை பரவவும் கூடும் என்று அவரே எழுதினார். இன்று எல்லா நெட்டுக்கும் பரவும் திறன் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் திறன் சிலவற்றில் மிகக் குறைவு, அவ்வளவுதான்.

2. சுத்தி வளைக்காம சொல்லுங்க, எவ்வளவு நாள் இருப்பாங்க?

நான்கு விஷயம் தெரியாமல் இதற்கு யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான். கட்டி எந்த உறுப்பில் தொடங்கியது, எவ்வளவு பரவியிருக்கிறது, கிரேடு என்ன, மைக்ரோஸ்கோப்பில் செல்கள் ஒழுங்கான அமைப்போடு இருக்கின்றனவா சிதைந்து கிடக்கின்றனவா என்ற நான்கும் வேண்டும்.

இடைவெளி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1973 முதல் 2012 வரை பதிவான 64,971 நெட் நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். நுரையீரல் நெட்டும் இதில் சேர்த்தி. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேர் 9.3 ஆண்டைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். தொடங்கிய இடத்திலேயே நின்ற கட்டி என்றால் அந்த அளவு 30 ஆண்டுக்கு மேல். பக்கத்து நிணநீர் முடிச்சுகள் வரை போயிருந்தால் 10.2 ஆண்டு. தூரத்து உறுப்புக்குப் பரவியிருந்தால் 12 மாதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அதில் மிக வேகமான வகைகளும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை 5-ஆம் கேள்வியில் பாருங்கள்.

3. ரிப்போர்ட்ல கேஐ-67 இரண்டு சதவீதம்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டிய எண் இதுதான். கேஐ-67 என்பது பிளவுபடத் தயாராகும் செல்லின் கருவில் இருக்கும் ஒரு புரதம். பயாப்சித் துண்டுக்குச் சாயம் ஏற்றினால் அந்தக் கருக்கள் பழுப்பாகவும், சும்மா இருக்கும் செல்களின் கருக்கள் நீலமாகவும் தெரியும். பழுப்பு எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தைத் தேடி, படம் எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, பேனாவால் ஒவ்வொரு செல்லாக அடித்துக்கொண்டே குறைந்தது 500 செல்களாவது எண்ண வேண்டும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்பதுதான் அந்தச் சதவீதம்.

3-க்குக் கீழே என்றால் கிரேடு 1. 3 முதல் 20 வரை கிரேடு 2. 20-க்கு மேல் கிரேடு 3. இதோடு பிளவுபடும் செல்களையும் தனியாக எண்ணுவார்கள். இரண்டில் எது அதிகக் கிரேடு காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன பதிவேட்டில் கிரேடு 1-இல் பாதிப் பேர் 16.2 ஆண்டையும், கிரேடு 2-இல் 8.3 ஆண்டையும் தாண்டினார்கள்.

ரிப்போர்ட்டில் கேஐ-67 இல்லாமல் வெறுமனே 'கார்சினாய்டு' (நெட்டின் பழைய பெயர்) என்று மட்டும் இருந்தால் அந்த ரிப்போர்ட் முடியவில்லை என்று அர்த்தம். மெழுகுக் கட்டையில் பதித்த திசு ஆய்வகத்தில் இருக்கும். அதிலிருந்தே இந்தச் சோதனையைச் செய்யலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

4. கிரேடு மூணுன்னா எல்லாம் முடிஞ்சதா?

இல்லை. கிரேடு 3-க்குள்ளேயே இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. செல்கள் இன்னும் ஒழுங்கான அமைப்போடு இருந்து வேகமாக மட்டும் பெருகினால் அது கிரேடு 3 நெட். செல்கள் சிதைந்து, சின்னச் செல்களாகவோ பெரிய செல்களாகவோ கண்டபடி இருந்தால் அது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. இரண்டும் உருவாகும் வழியே வேறு. கார்சினோமாவில் டிபி53, ஆர்பி1 என்ற மரபணுக்கள் கெட்டிருப்பது வழக்கம். கணைய நெட்டில் மெனின், டாக்ஸ், ஏட்ரெக்ஸ் மரபணுக்களில் கோளாறு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிரிவை 2017-இல் கணையத்துக்கும், 2019-இல் செரிமான உறுப்புகள் அனைத்துக்கும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ரிப்போர்ட் என்றால் ஸ்லைடை மறுபடி காட்டுவது நல்லது.

பரவிய கார்சினோமா கடுமையானது, அதை மறைத்துப் பயனில்லை. வட ஐரோப்பிய நாடுகளில் 305 பேரைத் தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கீமோ எடுத்தவர்களில் பாதிப் பேர் 11 மாதத்தைத் தாண்டினார்கள். கேஐ-67 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பிளாட்டினம் வகைக் கீமோ குறைவாகவே வேலை செய்தது. ஆனாலும் அவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள். கிரேடு 3 நெட்டுக்கு வேறு மருந்துகள் பொருந்தும், ஆயுளும் கூடுதல். அதனால் 'கிரேடு 3' என்று கேள்விப்பட்டதும் 'நெட்டா, கார்சினோமாவா' என்று கேளுங்கள்.

5. ஸ்டேஜ் நாலு, கல்லீரல்ல பரவிடுச்சுன்னு சொன்னாங்க. இனிமே வைத்தியம் பார்த்து என்ன பிரயோஜனம்?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. வேறு புற்றுநோயில் ஸ்டேஜ் 4 பார்த்த சொந்தக்காரர்கள் யாராவது 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். நெட்டில் ஸ்டேஜை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்கக் கூடாது. அதே அமெரிக்கப் பதிவேட்டில், சிறுகுடலில் தொடங்கித் தூரத்துக்குப் பரவிய கிரேடு 1, 2 நோயாளிகளில் பாதிப் பேர் 103 மாதத்தை, அதாவது எட்டரை ஆண்டைத் தாண்டினார்கள். பெருங்குடலில் தொடங்கி அதேபோல் பரவியவர்களுக்கு அது 14 மாதம்தான். ஸ்டேஜ் ஒன்று, கிரேடும் ஏறக்குறைய ஒன்று. தொடங்கிய உறுப்பு மாறியதும் ஆயுளில் இவ்வளவு வித்தியாசம் வந்துவிட்டது.

பரவலிலும் அளவு முக்கியம். கல்லீரலில் நாலைந்து புள்ளி இருப்பதும் முக்கால் கல்லீரல் நிறைந்திருப்பதும் ஒன்றல்ல. எலும்புக்கும் போயிருந்தால் நிலைமை கொஞ்சம் கடினம். முந்தைய ஸ்கேனுக்கும் இப்போதைய ஸ்கேனுக்கும் இடையில் எவ்வளவு வளர்ந்தது என்பதும் நிறையச் சொல்லும். பழைய ஸ்கேன் சிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

6. அப்போ எந்த உறுப்புல வந்தா நல்லது, எதுல வந்தா மோசம்?

குடல்வாலிலும் மலக்குடலிலும் வருபவைதான் பொதுவாக நல்லவை. மலக்குடல் நெட் பெரும்பாலும் வேறு எதற்கோ கொலனோஸ்கோபி செய்யும்போது கண்ணில் படும். 1 செ.மீ.க்குக் கீழே, மேற்புறத்தில் மட்டும் இருந்தால் உள்நோக்கி வழியாகவே எடுத்துவிடலாம். ஆனால் சாதாரண பாலிப் என்று நினைத்துக் கம்பி வளையத்தால் வெட்டினால் அடியில் மிச்சம் தங்க வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட்டில் வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரைப்பையில் மூன்று வகை. முதல் வகை, இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் சுரப்பது நின்று போனவர்களுக்கு வருவது. பெரும்பான்மை இதுதான். சின்னச் சின்னதாகப் பல இருக்கும், ஆயுளை அநேகமாகக் குறைப்பதில்லை. பி12 குறைவும் கூடவே இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வகை, இரைப்பை அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் வேறொரு கட்டியால் வருவது. மூன்றாம் வகை, காஸ்ட்ரின் அளவு சரியாக இருக்கும்போதே தனியாக வருவது. இது பரவக்கூடியது, பெரும்பாலும் ஆபரேஷன் கேட்கும். இந்த மூன்றையும் பிரிக்காமல் 'இரைப்பை நெட்' என்று பொதுவாகச் சொன்னால் எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது.

சிறுகுடல் நெட் மெதுவாக வளரும், ஆனால் சத்தமில்லாமல் பரவும். கண்டுபிடிக்கும்போதே பலருக்கு நிணநீர் முடிச்சிலும் கல்லீரலிலும் இருக்கும். கணையம் நடுவில் வரும், அங்கே கிரேடு ரொம்பவே முக்கியம். பெருங்குடல்தான் கடினமானது. எங்கே தொடங்கியது என்றே தெரியாத நிலையும் உண்டு. அப்போது 13-ஆம் கேள்வியில் வரும் ஸ்கேன் பல சமயம் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

7. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணி ஒரு வாரம் கழிச்சு 'அதுல கட்டி இருந்துச்சு'ன்னு போன் வந்துச்சு. மறுபடியும் வயித்தைத் திறக்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். 1 செ.மீ.க்குக் கீழே இருந்து முழுதாக எடுத்தாகிவிட்டது என்றால் அதோடு முடிந்தது. 2 செ.மீ.க்கு மேல் என்றால் பெருங்குடலின் வலப்பக்கத்தை எடுக்கச் சொல்வார்கள். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2023-இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வெளியான ஆய்வு, 1 முதல் 2 செ.மீ. கட்டியை முழுதாக எடுத்தவர்களுக்கு அந்தப் பெரிய ஆபரேஷனால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது.

ஒரு எச்சரிக்கை: ரிப்போர்ட்டில் 'கோப்லட் செல்' என்ற சொல் இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. முன்பு அதையும் கார்சினாய்டு என்றே அழைத்தார்கள். அது வேறு நோய், கூடுதல் சிகிச்சை வேண்டும்.

8. கணையத்துல 1.2 சென்டிமீட்டர் கட்டி. எடுக்காம 'பார்த்துக்கிட்டு இருப்போம்'னு சொல்றாங்க. அலட்சியமா?

அலட்சியம் இல்லை. ஹார்மோன் எதுவும் சுரக்காத, 2 செ.மீ.க்குக் கீழே உள்ள, கிரேடு 1 கணைய நெட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்து கண்காணிப்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. கணைய ஆபரேஷன் லேசானதல்ல. கணையநீர் கசிவு, பிறகு சர்க்கரை நோய் என்று அதற்கும் விலை உண்டு. கட்டி வளர்ந்தாலோ, கணையக் குழாய் வீங்கினாலோ, நிணநீர் முடிச்சு தெரிந்தாலோ முடிவு மாறும். சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

ஹார்மோன் சுரக்கும் கட்டி வேறு கதை. இன்சுலின் சுரக்கும் இன்சுலினோமா சர்க்கரையைத் திடீரென இறக்கி மயக்கம் வரவைக்கும். அதனாலேயே சின்னதாக இருக்கும்போதே பிடிபடும். ஏறக்குறைய 90 சதவீதம் பரவாத வகை, எடுத்தால் சரியாகிவிடும்.

9. அம்மாவுக்கு முகமெல்லாம் தீயா எரியுது, அடிக்கடி வயித்தால போகுது. இது மாதவிடாய் நிக்கறதாலன்னு நினைச்சோம்.

பல வீடுகளில் இப்படித்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது காரணம் ஆகிவிடுகிறது, வயிற்றுப்போக்குக்குக் 'குடல் எரிச்சல் நோய்' காரணம் ஆகிவிடுகிறது. மருத்துவ நூல்களில் முகம் சிவக்கும் என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். திடீர்ச் சூடு, வியர்வை இல்லாத எரிச்சல், சாப்பிட்டதும் வருவது, இரவில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு என்று விவரித்துச் சொன்னால்தான் மருத்துவருக்குச் சந்தேகம் வரும்.

கட்டி சுரக்கும் செரடோனின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் உடைத்துவிடும். அதனால் சிறுகுடல் நெட்டில் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய பிறகே வருகின்றன. அறிகுறியைத் தாங்கிக்கொண்டு காலம் தள்ளினால் உடல் தேய்ந்துவிடும். உணவில் வரும் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கட்டி இழுத்துக்கொள்வதால் நியாசின் என்ற பி3 குறைந்து, வெயில் படும் தோல் கறுத்துச் செதில் விடுவதும் உண்டு.

10. குடல்ல கட்டிக்கு எதுக்கு ஹார்ட் எக்கோ எடுக்கச் சொல்றாங்க?

இதைத் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். மேலே சொன்ன செரடோனின் கல்லீரலைத் தாண்டி இதயத்தின் வலப்பக்கத்தை நனைத்துக்கொண்டே இருந்தால், அங்குள்ள இரண்டு வால்வுகளும் தடித்து மடங்காமல் போகும். அறிகுறி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை இது வரலாம். இரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது செரடோனின் உடைந்துவிடுவதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிக்கிறது.

கட்டி கட்டுக்குள் இருந்தும் இதயம் பழுதாகி இறப்பவர்கள் உண்டு. கால் வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எக்கோவும், இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி இரத்தப் பரிசோதனையும் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். தேவைப்பட்டால் வால்வை மாற்றலாம். ஆயுளைத் தீர்மானிக்கும் காரணங்களில் நம் கையில் இருப்பவை சிலதான், அதில் இது ஒன்று.

11. குரோமோகிரானின் ஏ நார்மலைவிட பத்து மடங்கு இருக்கு. பரவிடுச்சா?

குரோமோகிரானின் ஏ என்பது நெட் செல்கள் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். முதலில் ஒரு கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' போடுகிறீர்களா? பான்டோபிரசோல், ஒமெபிரசோல் போன்றவை இந்த அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். நம் ஊரில் எந்த மருந்துச் சீட்டிலும் முதல் வரி அதுதான். சிறுநீரகக் கோளாறும், 6-ஆம் கேள்வியில் சொன்ன மெலிந்த இரைப்பையும் இதே வேலையைச் செய்யும். மருத்துவரிடம் கேட்டு, நிறுத்த முடிந்தால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். காஸ்ட்ரினோமா (காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி) சந்தேகம் இருப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது, அமிலம் பொங்கிப் புண் வெடிக்கலாம்.

மாத்திரை எதுவும் இல்லாமல் உண்மையாகவே மிக அதிகமாக இருந்தால், அது கட்டியின் மொத்த அளவைக் காட்டும். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

12. இருபத்திநாலு மணி நேர யூரின் டெஸ்ட்டுக்கு வாழைப்பழம் சாப்பிடக் கூடாதாமே?

ஆமாம். செரடோனின் உடைந்து சிறுநீரில் வரும் பொருளை அளக்கும் 5-எச்ஐஏஏ என்ற சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட், அவகாடோ தவிர்க்க வேண்டும். தக்காளி இல்லாத ரசமா என்று வீட்டில் முறைப்பார்கள், இரண்டு நாளைக்குப் பருப்புத் துவையல், மோர்க்குழம்பு என்று ஓட்டிவிடலாம். பாராசிட்டமால், இருமல் மருந்து பற்றியும் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் காலை எழுந்ததும் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவது எல்லாவற்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, கேனில் பிடிக்க வேண்டும்.

13. ஒரு பெட் ஸ்கேன் எடுத்தாச்சு. இப்ப இன்னொரு பெட் ஸ்கேன் கேட்கறாங்க. பணம் பிடுங்கறதுக்கா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்பவை. நெட் செல்களின் மேல் சொமாடோஸ்டாடின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கும். காலியம்-68 டோடாடேட் அல்லது டோடாநாக் பெட் அவற்றைத் தேடிப் பிடித்து ஒளிரும். கட்டி எங்கெங்கே இருக்கிறது, 15, 16-ஆம் கேள்வியில் வரும் சிகிச்சை பொருந்துமா என்பதை அது சொல்லும். சர்க்கரையை வைத்து எடுக்கும் எஃப்டிஜி பெட், எது வேகமாக எரிகிறது என்பதைச் சொல்லும்.

காலியத்தில் நன்றாக ஒளிர்ந்து எஃப்டிஜியில் மங்கலாக இருந்தால் சாதுவான நோய். எஃப்டிஜியில் பளிச்சென்று இருந்து காலியத்தில் இல்லாமல் போனால் மூர்க்கமான நோய். பயாப்சி ஒரு இடத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஸ்கேன் உடம்பு முழுவதையும் பார்க்கிறது. கிரேடு 1-க்கு எஃப்டிஜி பொதுவாகத் தேவைப்படாது, கிரேடு 2-இன் மேல் விளிம்பிலும் கிரேடு 3-இலும் பயன்படும்.

14. கல்லீரல்ல பரவின பிறகும் ஆபரேஷன் பண்ணலாம்னு ஒரு டாக்டர், வேண்டாம்னு ஒரு டாக்டர். யார் சொல்றது சரி?

கட்டி முழுவதையும் அல்லது பெரும்பகுதியை எடுக்க முடிந்தால், கிரேடு குறைவாக இருந்தால், ஆபரேஷன் நிச்சயம் பேச வேண்டிய ஒன்று. ஹார்மோன் தொல்லை உள்ளவர்களுக்குப் பெரும்பகுதியைக் குறைத்தாலே நிம்மதி கிடைக்கும். எடுக்க முடியாத இடங்களில் கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைக்கலாம், சூட்டால் பொசுக்கலாம். மிகச் சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கிறார்கள். அதற்கு வயது, கிரேடு, கல்லீரலில் பாதிக்கும் குறைவான பரவல், சில மாதம் வளராமல் இருந்தது என்று கறாரான விதிகள் உண்டு.

சிறுகுடல் நெட்டில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நிணநீர் முடிச்சைச் சுற்றிக் குடல்தாங்கிச் சவ்வு தழும்பாகிச் சுருங்கி, குடலையும் அதன் இரத்தக் குழாயையும் இழுத்துப் பிடிக்கும். அடைப்பு வரும். அப்போது பரவல் இருந்தாலும் மூலக் கட்டியை எடுப்பது அவசியமாகிறது. தொல்லை இல்லாதபோது முன்கூட்டியே எடுப்பதால் ஆயுள் கூடுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆபரேஷன் செய்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் திடமாக இருந்தவர்களையும் பரவல் குறைவானவர்களையும்தானே ஆபரேஷனுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்! அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி உள்ளவர்கள் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, மயக்க மருந்து தருபவரிடம் இந்த நோயைச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும் நெருக்கடி வரலாம். ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து தயாராக இருக்க வேண்டும்.

15. மாசாமாசம் இடுப்புல ஊசி போடறோம். கட்டி சுருங்கவே இல்லையே, எதுக்கு?

அந்த ஊசியின் வேலை சுருக்குவதல்ல, நிறுத்தி வைப்பது. 2009-இல் ஜெர்மனியில் 85 பேரிடம் செய்த ஆய்வில், ஆக்ட்ரியோடைடு போட்டவர்களுக்கு நோய் வளர 14.3 மாதம் ஆனது, வெறும் ஊசி போட்டவர்களுக்கு 6 மாதம். 2014-இல் வெளியான 204 பேர் ஆய்வில், அதே வகை மருந்தான லான்ரியோடைடு போட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டு வரை நோய் வளரவில்லை, மற்றவர்களில் 33 சதவீதம்தான். 'அதே அளவில் இருக்கிறது' என்று ஸ்கேன் வந்தால் அது நல்ல செய்தி.

ஆக்ட்ரியோடைடைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கலக்கி, உடனே ஆழமாகத் தசையில் போட வேண்டும். அவசரத்தில் குளிர்ந்தபடியே கலக்கினால் தூள் சரியாகக் கரையாது, ஊசி அடைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த மருந்து வீணாகிவிடும். பழகிய நர்ஸிடம் போடுவது நல்லது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் இந்த ஊசியால் கணைய நொதி குறைந்திருக்கிறது, அதற்கு மாத்திரை இருக்கிறது. பித்தப்பைக் கல்லும் வரலாம்.

16. லுடீசியம் சிகிச்சைக்கு வெளிநாடு போகணுமா?

வேண்டாம். இந்தியாவிலேயே மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் உட்படப் பல இடங்களில் செய்கிறார்கள். இதற்கான கதிரியக்கப் பொருளான லுடீசியம்-177 மும்பை ட்ராம்பேயில் உள்ள துருவா அணு உலையிலேயே தயாராகிறது. காலியம் பெட்டில் எது ஒளிர்ந்ததோ அதே ஏற்பியைத் தேடிப்போய் உள்ளிருந்தே கதிர்வீச்சு தருவதுதான் இதன் வழி. வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு தடவை. சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமிலம் ஏற்றுவார்கள், குமட்டல் பெரும்பாலும் அதனால்தான். சிறுபான்மையினருக்குப் பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜைக் கோளாறு வருவதால் இரத்த எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2017-இல் வெளியான ஆய்வில், சிறுகுடல் வகை நெட்டில் 20 மாதம் வரை நோய் வளராமல் இருந்தவர்கள் லுடீசியம் பெற்றவர்களில் 65.2 சதவீதம், அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்றவர்களில் 10.8 சதவீதம்.

17. சர்க்கரையை நிறுத்தினா கட்டி காஞ்சிடுமா? மூலிகை ஏதாவது?

சர்க்கரையை நிறுத்துவதால் கட்டி காயாது. எடை குறைவதுதான் எனக்குக் கவலை. எடையும் தசையும் குறைந்தவர்கள் எந்தச் சிகிச்சையையும் தாங்குவது கடினம். முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் சேருங்கள். எரிச்சல் வருபவர்கள் மது, அதிகக் காரம், ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம். இவை எரிச்சலைத் தூண்டும், கட்டியை வளர்க்காது.

கட்டி வளர்வதைத் தடுக்கும் எவரோலிமஸ், சுனிடினிப் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மூலிகை விஷயத்தில் கவனமாக இருங்கள். அம்மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதியைச் சில மூலிகைகள் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

18. அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாம வைத்தியம் பார்க்க முடியுமா?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இது ஒரு வாரத்தில் முடியும் வைத்தியம் இல்லை. வருடக்கணக்கில் மாதம் ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். எரிச்சல் எத்தனை தடவை வந்தது, இரவில் எழுந்தாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். 'அல்சர்' என்று சொல்லி வைத்தால், ஒரு நாள் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன், போதும்' என்று நிறுத்திவிடுவார். அப்படி நடுவில் விட்டுப் போனவர்கள்தான் பிறகு கைமீறிய நிலையில் வருகிறார்கள். எண்களைச் சொல்ல வேண்டியதில்லை. 'மெதுவா வளர்ற கட்டி, விடாம பார்த்துக்கணும்' என்று உண்மையையே எளிமையாகச் சொல்லலாம்.

19. ஸ்டீவ் ஜாப்ஸ், இர்ஃபான் கானுக்கே காப்பாத்த முடியலையே?

ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணைய நெட் 2003-இல் தெரிந்தது. 2004-இல் ஆபரேஷன், 2009-இல் மாற்றுக் கல்லீரல், 2011 அக்டோபரில் இறந்தார். இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தன் நோயை அறிவித்தார், 2020 ஏப்ரலில் காலமானார். ஒருவர் ஏறக்குறைய எட்டு ஆண்டு, இன்னொருவர் இரண்டு ஆண்டு. அவர்களுடைய கேஐ-67 நமக்குத் தெரியாது. 2-ஆம் கேள்வியில் சொன்ன நான்கில் பாதி தெரியாமல் உங்கள் வீட்டாரோடு ஒப்பிட முடியாது.

20. எனக்கு வந்தா என் பிள்ளைங்களுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. கணைய நெட்டில் மட்டும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கலாம். முக்கியமானது மென்-1, அதாவது பல சுரப்பிகளில் கட்டி வரவைக்கும் பரம்பரை நோய். இளம் வயது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி, இரத்தத்தில் கால்சியம் அதிகம், குடும்பத்தில் பிட்யூட்டரி அல்லது பாராதைராய்டு கோளாறு இருந்தால் மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

21. முதல்ல கிரேடு 1 சொன்னாங்க, இப்ப கல்லீரல் பயாப்சியில கிரேடு 2 வந்திருக்கு. முதல் ரிப்போர்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஆளுக்குள் ஒரு கட்டி மெதுவாகவும் இன்னொன்று வேகமாகவும் வளரலாம். வருடங்கள் போனால் கிரேடு ஏறவும் கூடும். அதனால்தான் நடத்தை திடீரென மாறினால் மறு பயாப்சி கேட்கிறார்கள், அதுவும் எஃப்டிஜியில் பளிச்சென்று தெரியும் இடத்திலிருந்து. சிகிச்சை புதிய கிரேடுக்கு ஏற்ப மாறும்.

இதே காரணத்தால், ஐந்து வருடம் சுத்தமாக இருந்தாலும் கண்காணிப்பை விட வேண்டாம். சிறுகுடல், கணைய நெட் பத்து வருடம் கழித்தும் திரும்பி வந்ததுண்டு. 7-ஆம் கேள்வியில் சொன்ன சின்னக் குடல்வால் கட்டிக்கு மட்டும் இது தேவையில்லை.

22. லுடீசியம் நோயை நிறுத்துது, ஆனா ஆயுளைக் கூட்டலன்னு இன்டர்நெட்ல படிச்சேன். அப்புறம் எதுக்கு எடுக்கணும்?

16-ஆம் கேள்வியில் சொன்ன அதே ஆய்வின் இறுதிக் கணக்கு 2021-இல் வந்தது. லுடீசியம் பெற்றவர்களில் பாதிப் பேர் 48 மாதத்தையும், மற்றவர்களில் பாதிப் பேர் 36.3 மாதத்தையும் தாண்டினார்கள். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்று வந்தது. நீங்கள் படித்தது அதைத்தான்.

ஆனால் ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற பிரிவில் 36 சதவீதம் பேர், நோய் வளர்ந்ததும் ஆய்வுக்கு வெளியே லுடீசியம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் கடைசியில் அதே மருந்தைப் பெற்றால் வித்தியாசம் மங்கத்தானே செய்யும். நெட்டில் ஒரு மருந்து போனால் இன்னொன்று, அதுவும் போனால் வேறொன்று என்று பல வருடம் சிகிச்சை நீள்வதால் எந்த ஒரு மருந்தின் பங்கையும் தனியாகப் பிரிப்பது கடினம். எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பது அமெரிக்கப் பதிவேட்டில் தெரிகிறது. பரவிய கணைய நெட்டில், 2000-2004 காலத்தோடு ஒப்பிட்டால் 2009-2012 காலத்தில் இறப்பு ஆபத்து ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்திருந்தது. லுடீசியமும் இன்றைய புதிய மாத்திரைகள் பலவும் பரவலாக வருவதற்கு முந்தைய கணக்கு அது.